திருப்பம்தோறும் இறங்கிய மாமன் சீர்

கூச்சக்காரனுக்குக் கடையில் நாலு கேள்வி கேட்டுப் பொருள் வாங்கத் தெரியாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் வேறு. வாயைத் திறந்தால் படிப்பு தெரிந்துவிடும் என்று, கடைக்காரர் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன்.

கோபியில் தேங்காய் லோடு அடிக்க ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கிறேன். வெள்ளகோவிலில் அக்கா மகளுக்குக் கல்யாணம் வந்தது. நான்தான் தாய்மாமன். பேசி மதிப்பு வாங்க நமக்கு வராது, வண்டியாவது எடுப்பாக இருக்கட்டும் என்று பெரிய டயர் மாட்டினேன். (எருமைக்கு ஹைஹீல்ஸ் போட்ட மாதிரி இருந்தது. எனக்கென்னவோ யானையாகத்தான் தெரிந்தது.)

டயர்க்கடைக்காரர் தெளிவாகத்தான் சொன்னார். "லோடு ஏத்தி, ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாருங்க. உரசுனா வந்துருங்க, சின்ன சைஸ் மாத்திக்கலாமுங்க."

நான் காலி வண்டியை நேராக ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. என் சோதனை அவ்வளவுதான்.

கல்யாணத்தன்று சீர்த்தட்டு, வாழைத்தார், சொந்தபந்தம் எல்லாம் பின்னால் ஏறியாயிற்று. எங்கள் சொந்தத்தில் ஒல்லியானவன் நான் ஒருவன்தான். முதல் திருப்பத்தில் வண்டி ஒருபக்கம் சாய்ந்தது. டயர் மட்கார்டில் உரசி, பன்றியைப் பிடித்தது போல அலறியது. ரப்பர் கருகும் வாடை.

நேரே போனால் உரசவில்லை. வெயிட்டோடு திரும்பினால்தான் உரசியது. ஆட்கள் இறங்கிவிட்டால் சரியாகும். ஆனால் பெரியவர்களை இறங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த திருப்பத்தையும் அலறவிட்டே கடந்தேன். பக்கத்தில் இருந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, டயர் வெடிச்சு நடுரோட்டுல நின்னுபோட்டா, அங்க ஆரு பட்டங் கட்டறது? நீங்க சொல்றீங்களா, நாஞ் சொல்லட்டுங்களா?"

தாய்மாமன் வந்து, பெண்ணின் நெற்றியில் பட்டம் என்கிற தகட்டைக் கட்டாமல் எங்கள் பக்கம் அவளை மணவறைக்கு அழைத்துவர மாட்டார்கள். அக்கா போன்மேல் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

மனைவியே தலையை நீட்டிச் சொன்னாள். அதன்பின் திருப்பம் வந்தால் போதும், பட்டுச்சேலையும் தட்டுமாக எல்லோரும் இறங்கி நடப்பார்கள். நான் காலி வண்டியைத் திருப்பி நிறுத்தி, குனிந்து டயரைத் தடவிப் பார்ப்பேன். மறுபடி ஏறுவார்கள். சீர் ஊர்வலம் என்று நினைத்து லாரிக்காரர்கள் வழிவிட்டார்கள். சென்னிமலை வருவதற்குள் என் பெரியப்பா மூச்சு வாங்கிக்கொண்டு, "இதுக்கு நடந்தே வந்திருந்தா நேரத்துல போயிருக்கலாங் கண்ணு," என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் சுட்டது.

மண்டப வாசலிலும் ஒரு திருப்பம். எல்லோரும் இறங்கி நடக்க, நான் ஓடினேன். முகூர்த்தம் முடியும் நேரம் நெருங்கிவிட்டது. பெண் இன்னும் அறையிலேயே அழுகிற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். மூச்சிரைக்கப் பட்டத்தைக் கட்டினேன். முகூர்த்தம் தப்பவில்லை. ஆனால் டயர் தடவிய கையைக் கழுவ மறந்திருந்தேன். ஆல்பத்தில் மணப்பெண்ணின் பட்டத்துக்குக் கீழே, நடு நெற்றியில், என் கட்டைவிரல் கருப்பாகப் பதிந்திருக்கிறது.

மறுவாரமே சின்ன சைஸுக்கு மாறினேன். இந்த முறை லோடு ஏற்றியே ஒடித்துப் பார்த்தேன்; லோடுக்கு, சீர் கொண்டுவந்த அதே சொந்தங்கள் கூப்பிடாமலே வந்து ஏறிக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை தங்கமான பையன், மரியாதை தெரிந்தவர். இன்றும் என் வண்டியில் வந்தால், திருப்பத்துக்கு முன்னால் கதவில் கை வைத்துக்கொண்டு கேட்பார்: "மாமா, எறங்கிக்கட்டுங்களா?"

பதில் சொல்ல எனக்குக் கூச்சம். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துக் காட்டுவேன்.