பஸ்ஸைச் சுற்றி இருபது சுற்று

பேரன்பும் பெருமதிப்பும் உள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் நலம். என் ரத்த அழுத்தம் எங்கள் இருவரையும்விட நலமாக, நல்ல உயரத்தில் இருக்கிறது. அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். "உடம்பைப் பாத்துக்கறியான்னு போன்ல கேட்டா ஆமா ஆமான்னு சொல்லி ஏமாத்துவே, எழுத்துல குடு" என்று நீ சொன்னதால் இந்தக் கடிதம்.

மூன்று மாதத்துக்கு முன் டிப்போ டாக்டர், "அடுத்த பரிசோதனைக்குள்ள பிரஷர் குறையலைன்னா நீங்க ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது" என்று சொன்னது உனக்குத் தெரியும். அப்படி ஆனால் எனக்கு வேலை, பயணிகள் மறந்துவிட்டுப்போன சாமான்களைக் காக்கும் அறையில். பத்தொன்பது வருஷம் முன்கண்ணாடி வழியாக ஊர் விழிப்பதைப் பார்த்தவன், இனி ஜோடி தொலைத்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். நினைத்தால் அழுகை வருகிறது அக்கா. உடற்பயிற்சிக்கு நேரமில்லை என்று புலம்பியதற்கு, "தனியா நேரம் தேடாதே, பாக்குற வேலைக்குள்ளேயே நுழைச்சுக்கோ" என்று எழுதினாய். தினம் பதினான்கு மணி நேரம் தையல் மிஷினை விட்டு எழாத நீ, உன் டாக்டர் சொன்ன நடையை ஒரு நாளும் நடக்காத நீ, இதை எழுதினாயே என்று தோன்றியது. ஊருக்குத்தான் உபதேசம். ஆனாலும் உன் சொல்லைத் தட்டவில்லை.

முதல் நாள் ஒற்றைக் காலில் நின்று பல் தேய்த்தேன், வாளியோடு விழுந்தேன், "கடவுள் ரெண்டு கால் குடுத்தது போதலையா உங்களுக்கு?" என்றாள் என் மனைவி. சரி, வீட்டில் வேண்டாம், வேலையில் வைத்துக்கொள்வோம் என்று சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம் பத்து முறை மூச்சை இழுத்து விட்டேன். கண்டக்டர் அருகில் வந்து, "அண்ணே, வீட்டுல எதாவது சண்டையா?" என்று கேட்டார். இல்லை என்றேன், நம்பவில்லை, சாயங்காலத்துக்குள் டிப்போவே எனக்கு ஆறுதல் சொன்னது. பிறகு பொரித்ததை விட்டுவிட்டுக் கேரட்டைப் பிடித்தேன். சிக்னலில் நின்று கடிக்க, முன்சீட்டு அம்மா "இன்ஜின்ல நறநறன்னு சத்தம் வருது" என்று புகார் சொல்ல, டிப்போவில் மெக்கானிக் மூடியைத் திறந்து காதை வைத்துக் கேட்டார். பயத்தில் நான் மெல்லுவதை நிறுத்தினால் சத்தம் இல்லை, அவர் நிமிர்ந்ததும் வாயில் இருந்ததை மென்றால் சத்தம் வருகிறது. மூன்று தடவை இப்படியானபின் அவர் என் கன்னத்தைப் பார்த்தார். "இதை நோட்டுல என்னன்னு எழுதறது?" என்று மட்டும் கேட்டார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வினை நடைதான். கடைசி நிறுத்தத்தில் பஸ் இருபது நிமிஷம் நிற்கும். அந்த நேரத்தில் பஸ்ஸைச் சுற்றி இருபது சுற்று என்று கணக்கு வைத்தேன். பெரிய ஆள் சும்மா சுற்றினால் நன்றாக இருக்காதே என்று, போகிற போக்கில் ஒவ்வொரு டயரையும் ஒரு பார்வை பார்த்தேன். உள்ளே இருந்தவர்கள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஐந்தாவது சுற்றில் இரண்டு பேர் இறங்கினார்கள், எட்டாவதில் ஒரு குடும்பமே இறங்கியது. ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து, "மறைக்காம சொல்லுங்க தம்பி, பிரேக்கா டயரா?" என்றார். "பஸ்ஸுக்கு ஒண்ணுமில்லைங்க, எனக்குத்தான் உடம்பு சரியில்லை" என்று உண்மையைச் சொன்னேன். மிச்சம் இருந்தவர்களும் இறங்கிவிட்டார்கள். காலி வண்டியைப் பார்த்த, பஸ் புறப்படும் நேரத்தைக் குறிக்கும் கண்ட்ரோலர் என்னிடம் விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறார்.

ஆகவே அக்கா, போதும். இந்த வியாழக்கிழமை பரிசோதனை. குறையும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. கேரட்டையும் நடையையும் இன்றோடு விட உத்தரவு கொடு. உன் ஆசியும் அத்தானின் அன்பும் என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
வியாழன் வரைக்கும் டிரைவராக இருக்கும்
உன் தம்பி

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போட மறந்து, சட்டைப்பையிலேயே வைத்துச் சுற்றியிருக்கிறேன். இன்று வெள்ளிக்கிழமை. நேற்று டாக்டர் இரண்டு முறை கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தார், நம்பாமல் கருவியை மாற்றியும் பார்த்தார். குறைந்திருக்கிறது அக்கா. "என்ன பண்ணீங்க?" என்றார். "எங்க அக்கா சொன்னதைச் செஞ்சேன்" என்றேன். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. சுற்றை நான் விடவில்லை. இப்போது அந்தப் பெரியவரும் என்னோடு சுற்றுகிறார், நேற்று ஆறு பேர் சுற்றினோம், கண்ட்ரோலர் தூரத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். ஞாயிறு எனக்கு விடுமுறை. மிஷினை மூடிவை, காலுக்குச் செருப்பு எடுத்துவை. காலை ஆறு மணிக்கு உன் வாசலில் நிற்பேன். உன் வீடு ஐந்து நிறுத்தம்தானே, நடந்தே வருகிறேன்.