பூசணிக்குப் போட்ட தொப்பி

மயிலாப்பூர், மதராஸ்
28-9-1946

மதிப்பிற்குரிய சம்மந்தி ஜனாப் ஷரஃபுதீன் சாகிப் அவர்கள் சமூகத்துக்கு வலியுல்லா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும், என் வீட்டில் ஜைதூன் பீயும், தங்கள் மருமகள் அன்வரியும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். தங்கள் மகனும் என் மாப்பிள்ளையுமான காதரும் நலம். அதுவும் தலையோடு சேர்த்து நலம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தாங்கள் ஆம்பூரிலிருந்து போட்ட கார்டு கிடைத்தது. கம்பம் ஏறும் பிழைப்பு போதும், அடுத்த வாரம் வந்து மகனையும் மருமகளையும் அழைத்துப் போகிறேன், தோல் மண்டியில் உட்காரட்டும் என்று எழுதியிருந்தீர்கள். பெற்ற மனம், நான் குறை சொல்ல மாட்டேன். போன மாதம் அடையாற்றில் கம்பத்தின் உச்சியிலிருந்து கம்பி தாங்கும் பீங்கான் குமிழ் விழுந்து மாப்பிள்ளை தலையில் நாலு தையல் போட்டபோது எனக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் சம்மந்தி, எங்களுக்கு இருப்பது ஒரே பெண். தங்கள் கார்டு வந்த நாளிலிருந்து ஜைதூன் பீ சோற்றுக்கு உப்பே போடுவதில்லை. கேட்டால், என் கண்ணீர் விழுகிறதே போதாதா என்கிறாள். சாப்பிடுகிறவன் நான்.

ஆகவே நான் சும்மா இருக்கவில்லை. எங்கள் கரண்டுக் கம்பெனித் துரையிடம் நேராகப் போய் நின்று, நம் லைன்மேன்கள் பத்து பேருக்கும் தலைக்குக் காப்பாக ஏதாவது வேண்டும் என்றேன். அவர், ஸ்டோர் கீப்பர் நீதானே, மழைக்காலம் தொடங்குவதற்குள் நல்ல தொப்பியாகப் பார்த்துச் சொல் என்று என் தலையிலேயே கட்டிவிட்டார். முதலில் யுத்தகாலத்து இரும்புத் தொப்பி ஒன்று மூர் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைத்தது. ஆசையாகக் கொண்டுவந்து காட்டினால் மாப்பிள்ளை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, “மாமா, கரண்டு கம்பிகிட்ட போறவன் தலையில இரும்பக் கவுத்துக்கினு போவலாமா?” என்றார். மாப்பிள்ளைக்கு இருக்கிற மூளைக்காவது தொப்பி அவசியம் என்று அப்போதே தீர்மானித்தேன். அடுத்தது துரைமார் போடும் நெட்டித் தொப்பி. கனமே இல்லை, கரண்டும் பாயாது. ஆனால் வெள்ளைச்சாமி என்ற லைன்மேன் அதைப் போட்டுக்கொண்டு கச்சேரி ரோட்டில் நடந்தபோது ஒரு கான்ஸ்டபிள் சல்யூட் அடித்துத் தொலைத்தார். அன்று முழுவதும் வெள்ளைச்சாமி கம்பம் ஏறவே இல்லை. மூன்றாவது, அட்டையை அரக்கில் ஊறவைத்து அழுத்திச் செய்த சுரங்கக்காரர் தொப்பி. பார்க்க லட்சணமில்லை, தட்டினால் கதவு மாதிரி சத்தம் கேட்கிறது.

நெட்டியா, அட்டையா என்பதைச் சோதித்துப் பார்க்க மனிதத் தலை வேண்டும். யார் கொடுப்பார்? தெற்கு மாடவீதியில் காய்கறி விற்கும் வேலம்மாவிடம் போய், வெள்ளைப் பூசணிகளுக்கு ஒவ்வொன்றாகத் தொப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். “இன்னா சாயபு, இன்னொரு பொண்ணுக்கு மாப்ள பாக்குறியா?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள். காதர் தலை அளவுக்கு இரண்டு பொறுக்கினேன். தொப்பி நசுங்கிக் காயைத் தொட்டால் அடையாளம் தெரியவேண்டும் அல்லவா, அதற்காகக் கம்பத்துக்குப் பூசும் சிவப்புப் பொடியைக் காய்களின் உச்சியில் தடவினேன். கம்பெனி வாசலுக்கு அருகே நாற்சந்திக் கம்பத்தடியில் வைத்தேன். வெள்ளைச்சாமி மேலே ஏறி, நெட்டித் தொப்பி மேல் ஸ்பேனரைப் போட்டான். அது தொப்பியைப் பொத்துக்கொண்டு இறங்கி, பூசணி சுக்குநூறாகி, சந்தி முழுக்கச் சிவப்பாகச் சிதறியது.

அன்று புதன்கிழமை, பெரிய அமாவாசை. அமாவாசையில் நாற்சந்தியில் சிவப்பு தடவிய பூசணியை உடைத்தால் அது திருஷ்டி கழிப்பு என்று எனக்குத் தெரியாதா? ஐம்பது வருஷமாக மயிலாப்பூர் வீதிகளில் அந்தப் பூசணிகளில் வழுக்கி விழாமல் நடந்தவன் நான். தொப்பி நினைப்பில் மறந்தே போனேன். லைன்மேன்களை மேய்க்கும் வடிவேலு மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கற்பூரமே ஏற்றிவிட்டார். “சாயபு, நம்ம பசங்க மேல இருந்த கண்ணு மொத்தமும் போச்சு. நீங்க நல்லா இருக்கணும்” என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் அவசரமாக அட்டைத் தொப்பியை இரண்டாவது பூசணிக்குப் போட்டேன். ஸ்பேனர் விழுந்தது, டங்கென்று எகிறியது. பூசணிக்கு ஒரு கீறல்கூட இல்லை. நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

“இன்னா சாயபு இது, ஒடையலியே! திஷ்டிக்கு வச்ச காய் ஒடையலன்னா ஆவாது. அந்தத் தொப்பியப் பசங்க தொடமாட்டாங்க. ஒடஞ்சுதே, அது ராசியான தொப்பி, அதையே வாங்கிக் குடுங்க” என்றார் மேஸ்திரி. அதுதான் பொத்தலாகிவிட்டதே ஐயா என்றேன். “பொத்தலானா இன்னா? கண்ணு அது வழியாத்தான் வெளிய போச்சு” என்கிறார். உடையாத பூசணியை யாரும் தொடாததால் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஜைதூன் பீ அல்வா கிண்டினாள். கம்பெனிக்குக் கொண்டுபோனால் ஒருவனும் வாயில் வைக்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, “திங்கக்கிழமைலேர்ந்து நான் அந்தத் தொப்பியப் போட்டுக்கறேன் மாமா” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற மகன் இல்லாத குறை அன்றைக்குத் தீர்ந்தது சம்மந்தி.

மற்ற ஒன்பது பேரையும் எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று தெரியவில்லை. ஆனால் தங்கள் மகனைப் பற்றி இனித் தங்களுக்குக் கவலை வேண்டாம். அவர் தலைக்கு என் தலை ஜாமீன். தயவுசெய்து பிள்ளைகளை இங்கேயே விட்டுவையுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு எங்கள் சலாமும், சின்னவர்களுக்கு துஆவும் சேரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்மந்தி
வலியுல்லா

பின்குறிப்பு (30-9-1946, திங்கள்): இது அன்வரியின் கையெழுத்து. நான் படுத்துக்கொண்டு சொல்கிறேன். இன்று காலை மாப்பிள்ளை தொப்பியோடு லஸ் முனைக் கம்பத்தில் ஏறினார். நான் கீழே நின்று, தொப்பி சரியாக இருக்கிறதா மாப்பிள்ளை என்று குரல் கொடுத்தேன். மரியாதை தெரிந்த பிள்ளை, குனிந்து பதில் சொன்னார். மோவாய்க்கு ஒரு வார் வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் போனது. என் தலையில் ஐந்து தையல், மாப்பிள்ளையை விட ஒன்று கூடுதல். தொப்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. மேஸ்திரி என் ரத்தத்தைப் பார்த்ததும் அங்கேயே கற்பூரம் ஏற்றி, பாக்கி இருந்த பூசணியும் உடைந்துவிட்டது என்று சொல்லிவிட்டாராம். மத்தியானத்திலிருந்து பத்து பேருமே அட்டைத் தொப்பிதான் வேண்டும் என்கிறார்கள். ஆகவே தாங்கள் அடுத்த வாரம் அவசியம் வரவும். யாரையும் அழைத்துப் போக அல்ல. தங்கள் மண்டியிலிருந்து நல்ல தோல் வாராகப் பதினொன்று கொண்டுவரவும். பத்து அவர்களுக்கு, ஒன்று கீழே நிற்கிற எனக்கு.