ஜோஷி காகாவின் மீட்டரில் என் பூட்டு

எனக்குப் பேய், பாம்பு எதற்கும் பயமில்லை, பிள்ளைகளே. கரண்ட் பில் என்றால்தான் பயம். புனே பக்கம் ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் ஆளுயர மெஷினையே பிரித்து மாட்டுகிறவன், அந்தக் காகிதத்தை மட்டும் பிரிக்கவே மாட்டேன். போனில் தொகை வரும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டிவிடுவேன். பில் நேராகப் பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும். (டப்பா நிறைந்தால் இன்னொரு டப்பா. அதிலெல்லாம் நான் ரொம்ப ஒழுங்கு.)

ஒரு டிசம்பரில் என் மனைவி சாந்தி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"பில்லு சில மாசம் தாறுமாறா ஏறுது. என்னன்னு பாக்குறீங்களா, இல்ல கீசரைக் கழட்டட்டுமா?"

புனே குளிரில் பச்சைத் தண்ணீரா! எட்டு வயது மகள் கயலுக்கு உதடு பிதுங்கிவிட்டது.

"அழாதடா. யாரோ நம்ம கரண்டைத் திருடுறான். அப்பா இன்னிக்கே பிடிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கீழே மீட்டர் அறைக்குப் போனேன். நாலு மாடிக்கு நாலு வரிசை மீட்டர். வீட்டு எண்கள் அழிந்துபோயிருந்தன. அதனாலென்ன? எங்கள் வீடு இரண்டாவது மாடி, மூன்றாவது கதவு. கட்டிடம் கீழிருந்துதானே மேலே போகிறது? கீழிருந்தே எண்ணினேன். இரண்டாவது வரிசை, மூன்றாவது மீட்டர். அதன் சிவப்பு விளக்கு படபடவென்று மின்னியது.

வீட்டில் ஒரு பல்புகூட எரியவில்லை, மீட்டரோ ஓடுகிறது. திருட்டேதான்!

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினில் கை வைக்குமுன் சுவிட்சை அணைத்து, அவரவர் பூட்டைப் போட்டு, சிவப்பு அட்டையைத் தொங்கவிட வேண்டும். சாவி நம் சட்டைப்பையில். பூட்டும் அட்டையும் என் ஷிஃப்ட் பையிலேயே இருந்தன. அந்த மீட்டரின் மெயின் சுவிட்சிலும் அப்படியே செய்தேன். 'தொடாதே! ஆள் வேலையில் இருக்கிறார்.' கீழே என் பெயர், போட்டோ. பிறகு வெற்றியைக் கொண்டாட ஜிலேபி வாங்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் மீட்டர் அறை வாசலில் கூட்டம். நடுவில் எங்கள் மேல்வீட்டு மராத்திப் பெரியவர் ஜோஷி காகா (காகா என்றால் சித்தப்பா). இடுப்பில் துண்டு, தலை முழுக்க சோப்பு நுரை. பாதிக் குளியலில் வெந்நீர் நின்றுவிட்டதாம். அட்டையில் இருந்த என் போட்டோவை முறைத்துக்கொண்டிருந்தவர், என்னையே முறைக்க ஆரம்பித்தார்.

"அரே முருகேசன்! ஹே காய் ஆஹே?" (என்ன இது?)

"கரண்ட் சோரி, காகா! யே மேரா மீட்டர்!" கரண்ட் திருட்டு, இது என் மீட்டர் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லி நெஞ்சை நிமிர்த்தினேன்.

"துஜா? பில் தாக்கவ்!" உன்னுடையதா, பில்லைக் காட்டு என்றார், பல் தந்தியடிக்க.

சாந்தி இரண்டு டப்பாக்களையும் தூக்கி வந்தாள். எல்லாம் மடித்தது மடித்தபடி. கயல் ஒன்றைப் பிரித்து மீட்டர் எண்ணை வாசித்தாள். அந்த எண் கொண்ட மீட்டர், நான் பூட்டியதற்கு அடுத்த மேல் வரிசையில் மின்னாமல் சாதுவாக இருந்தது. மீட்டர் மாட்டியவர் மேலிருந்து எண்ணியிருக்கிறார். நான் பூட்டியது ஜோஷி காகாவின் மீட்டர்.

சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தேன். சாந்தியோ பில்லில் அச்சாகியிருந்த மாதவாரிக் கணக்கில் மூழ்கியிருந்தாள்.

"ஏங்க, உங்களுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வர்ற மாசமெல்லாம் எகிறியிருக்கு. விடியக்காலைல கீசரைப் போட்டுட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுறீங்களே, யாரு அணைக்கிறது? கதவுக்குப் பின்னாடி இருக்குற சுவிட்சை யாரு பாக்குறா?"

"திருடன் மாட்டிக்கிட்டான்!" என்று கயல் குதித்தாள். ஜிலேபி முழுவதும் ஜோஷி காகா வீட்டுக்குப் போனது.

கீசர் பிழைத்தது; பில்லும் இறங்கியது. அந்தச் சிவப்பு அட்டை இப்போது எங்கள் கீசர் சுவிட்சில், என் போட்டோவோடு தொங்குகிறது. பூட்டையும் சாவியையும் கயல் பறிமுதல் செய்துவிட்டாள். ஜோஷி காகா மட்டும் இன்றைக்கும் ஞாயிறு காலையில் ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கேட்பார்: "முருகேசன், ஆங்கோள் கரூ கா?" குளிக்கட்டுமா என்று அனுமதி கேட்கிறாராம்.

நான் வாய் திறக்குமுன் கயல் மராத்தியும் தமிழுமாகக் கத்துவாள்: "கரா காகா! குளிங்க! சாவி என்கிட்டதான் இருக்கு!"