தூதர் கொண்டு வந்த பழைய போன்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் அவரை எல்லோரும் தூதர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த நாட்டுக்கும் அல்ல, ஒரு போன் கம்பெனிக்குத் தூதர். சம்பளம் கிடையாது. கம்பெனிக்கு அவரைத் தெரியவும் தெரியாது.

ஒரு வருஷம் கம்பெனி போனிலிருந்து ரேடியோவை எடுத்தது. "இப்ப யாரு ரேடியோ கேக்கறா?" என்றார். அடுத்து இயர்போன் குத்தும் ஓட்டையை அடைத்தது. "உள்ள தூசி போகாது" என்றார். பெட்டியிலிருந்து சார்ஜரையே எடுத்தபோதுதான் மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. இனி அந்தக் கம்பெனி வாசலையே மிதிப்பதில்லை என்று மனைவி தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

மிதிக்காமல்தான் இருந்திருப்பார். கம்பெனி விடவில்லை. தன் முதல் போனை அச்சு அசலாகத் திரும்பக் கொண்டு வருவதாக அறிவித்தது. தூதர் உருகிப் போனார். கல்யாணமான புதிதில், ஒற்றை அறை வீட்டில், அந்தப் போனில்தான் இருவரும் பாட்டுக் கேட்டார்கள். ஒரே இயர்போன், ஆளுக்கு ஒரு காது. வயர் குட்டை என்பதால் தலையோடு தலை முட்டிக்கொண்டுதான் படுக்க வேண்டும். அந்தச் சந்தோஷம் அப்புறம் வாங்கிய எந்த மாடலிலும் வரவில்லை. அப்படிப்பட்ட போனைத்தான் அந்தக் காலத்திலேயே, புது மாடலுக்காக, எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டிருந்தார். கொடுக்க மனசு வராமல் மனைவியைத்தான் போன் கடைக்கு அனுப்பியிருந்தார்.

சரி, சத்தியத்துக்கு என்ன வழி? புதுசை வாங்கி, பழசே கிடைத்துவிட்டது என்று சொல்லிவிடலாம். கண்ணாடிக் கடையின் பின்னறையில் பெட்டியைப் பிரித்து, கண்ணை மூடிக்கொண்டு, சாவியால் புத்தம்புது போனின் முதுகில் நாலு கோடு இழுத்தார். பெற்ற பிள்ளையை அடித்ததுபோல் இருந்தது.

"எங்க கிடைச்சுது?" மனைவி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு ரிப்பேர் கடையில. நம்ம போனேதான். பாத்ததும் கண்ணு கலங்கிடுச்சு."

"எனக்கும்தான். இருங்க, பழைய மாதிரி பாட்டுக் கேக்கலாம்."

பீரோவிலிருந்து அந்தக் குட்டை வயரை எடுத்து வந்தாள். தூதர் ஓட்டையைத் தேடினார். மேலே இல்லை. கீழே இல்லை. அச்சு அசல் என்று சொன்ன கம்பெனி அதை மட்டும் மறந்துவிட்டது.

"தூசி அடைச்சிருக்கும்" என்றார்.

"இருக்கும், இருக்கும்." மறுபடி பீரோவுக்குப் போனவள் இன்னொரு போனோடு வந்தாள். அதே போன். முதுகில் ஒரு கீறல்கூட இல்லை. "அப்ப இது யாருது?"

"நீதானே எக்ஸ்சேஞ்சுல கொடுத்தே?"

"என் போன் பஸ்ல தொலைஞ்சு போச்சுன்னு சொன்னேனே, அதைத்தான் கொடுத்தேன். இதைக் கொடுக்க எனக்கு மட்டும் மனசு வருமா?"

அன்றைக்கு அவளுக்குப் பொறுப்பு என்றால் என்னவென்று விடிய விடியப் பாடம் எடுத்தவர் தூதர். இப்போது நிஜமாகவே கண் கலங்கியது. மாதாமாதம் சார்ஜ் போட்டு வைத்திருந்த அந்தப் பழசில் அவள் வயரைக் குத்தினாள். ஆளுக்கு ஒரு காது. தலை முட்டியது. பாட்டு வந்தது.

"எனக்கு இது போதும்மா. இனிமே வேற போனே வேண்டாம். சத்தியமா."

"அப்ப அதை நான் வச்சுக்கறேன்." கீறல் விழுந்த புதுசை எடுத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அதில் கம்பெனியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வாசித்தாள். "ரசிகர்கள் ரொம்ப வருத்தப்பட்டாங்களாம். அடுத்த மாசம் ஓட்டையோட வருதாம்."

தூதர் வெடுக்கென்று தலையைத் தூக்கினார். வயர் காதைப் பிடித்து இழுத்தது.

"நீங்க ஏன் எழுந்திரிக்கறீங்க? உங்ககிட்டதான் ஓட்டை இருக்கே."