மகத்தான இரண்டாமிடம்

மோட்டார் காரைப் பெட்ரோல் ஊற்றி ஓட்டலாம் என்று கண்டுபிடித்தவர்கள் ஐரோப்பியர்கள். தீர்மானம் போட்டும் ஓட்டலாம் என்று கண்டுபிடித்த பெருமை, 1934-ஆம் ஆண்டு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உதயமான ‘தமிழர் மோட்டார்ப் பந்தயச் சங்க’த்தையே சேரும்.

சங்கத்தில் தலைவர், உபதலைவர், காரியதரிசி, உபகாரியதரிசி, போஷகர் என்று பதினோரு பதவிகள் இருந்தன. கார் ஒன்றே ஒன்று. ஏதோ ஒரு தோட்டத்தில் கோழி அடைத்து வைத்திருந்த பழைய குட்டிக் கார் அது. இருவர் உட்காரலாம், கோழிகள் சம்மதித்தால்.

அதைப் பந்தயக் காராக்கும் பொறுப்பை ரயில் பட்டறையில் பிட்டராக இருந்த அய்யாவு ஏற்றுக்கொண்டான்.

“கூலி ஒண்ணும் வேணாங்க. பந்தயத்தன்னிக்கு நான்தான் ஓட்டணும். அது போதும்” என்றான்.

தலைவர் சபாபதி ஓர் ஆபீஸில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. இருபத்திரண்டு வருடம் பேனா பிடித்தவர். “நியாயமான ஆசை அய்யாவு. காரியதரிசி, குறிச்சுக்குங்க” என்றார். காரியதரிசி பழனியப்பன் ‘பரிசீலிக்கப்படும்’ என்று அழகாகக் குறித்துக்கொண்டார். ஆபீஸ் பழக்கம் அறியாத அய்யாவு, காரியம் முடிந்தது என்று எண்ணி ஸ்பானரை எடுத்தான்.

நாலு மாதம் உழைத்தான். கதவைக் கழற்றினான், கூரையைக் கழற்றினான், புகைக்குழாயைப் பாதியாக வெட்டினான். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை என்ஜின்மேல் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்பான். எந்த வால்வு தட்டுகிறதோ அதைத் திருகுவான், மறுபடி கேட்பான். ஒருநாள் என்ஜின், வயிறு நிறைந்த பூனைபோல ஒரே சீராக உறுமியது. அய்யாவு தனக்குத்தானே சிரித்துக்கொண்டான்.

“ஏங்க, கல்யாணத்தன்னிக்கு என்னைப் பார்த்துக்கூட இப்படிச் சிரிக்கலையே நீங்க!” என்றாள் அவன் மனைவி புஷ்பவல்லி.

“நீ அன்னிக்கு இப்படிச் சத்தம் போடலையே” என்றான் அவன்.

இதற்கிடையே சங்கமும் காரைச் சீர்செய்தது. டயரில் காற்று நாற்பது பவுண்டு இருக்க வேண்டும் என்று தலைவர் முன்மொழிந்தார். இருபதே போதும் என்று உபதலைவர் நாகையா திருத்தம் கொண்டுவந்தார். இரண்டு மணி நேரம் காரசாரமான விவாதம், நடுவில் கோப்பி. முடிவில் முப்பது பவுண்டு ஏகமனதாக நிறைவேறியது. ஈரச் செம்மண்ணுக்குப் பதினெட்டுதான் பிடிக்கும் என்று அறிந்த அய்யாவு, கூட்டம் கலைந்ததும் காற்றைப் ‘புஸ்’ என்று இறக்கிவிட்டான்.

அவன் சுரண்டிச் சுரண்டி முப்பது பவுண்டு இரும்பைக் குறைத்திருந்தான். சங்கம், பதினோரு நிர்வாகிகளின் பெயரும் பொறித்த பித்தளைப் பலகையைக் காரின் முன்னால் திருகி மாட்டியது.

“ஐயா, இது பாரமுங்க.”

“பாரமா? கௌரவம்டா இது!” என்றார் நாகையா.

“கௌரவம் எத்தனை பவுண்டு இருக்குமுங்க?”

நிறுத்துப் பார்த்ததில் முப்பத்தைந்து இருந்தது.

பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பு அவசரக் கூட்டம் கூடியது. ‘ஓட்டுநர்’ என்பதும் ஒரு பதவியே. பதவி என்றால் தகுதிப்படிதான் போகும் என்று தெளிவுபடுத்தப்பட்டது. தலைவர் ஏழு வருடமாக லைசென்ஸ் வைத்திருந்தார். ஒருமுறைகூட உபயோகிக்காததால் அது புத்தம் புதிதாகவே இருந்தது. அவரே தேர்வானார்.

அய்யாவு எழுந்து நின்றான். “நான் கேட்டது அது ஒண்ணுதானுங்களே!”

“பரிசீலிச்சாச்சு லா!” என்றார் சபாபதி அன்போடு. “நீ இப்போ ‘கௌரவத் தொழில் ஆலோசகர்’. சும்மாவா?”

“அந்தப் பதவி எங்க உட்காருமுங்க?”

“வேலிக்கு வெளியே.”

பந்தயம் கிள்ளான் ஊரில், ரப்பர் மரங்களை வெட்டிச் செம்மண் கொட்டிய வட்டத் தடத்தில் நடந்தது. ஐந்து சுற்று, ஆறு கார்கள். கொடி இறங்கிய முதல் சுற்றிலேயே இரண்டு கார் கால்வாயில் இறங்கின. இரண்டு கார் சேற்றில் புதைந்தன. மிஞ்சியவை இரண்டு. முன்னால் பெர்க்கின்ஸ் துரையின் பச்சைக் கார்; பின்னால் சங்கத்தின் கார். பெர்க்கின்ஸ் துரை, சபாபதியின் ஆபீஸுக்கே பெரிய துரை.

அய்யாவு சீர்செய்த என்ஜின் பறந்தது. பித்தளை அத்தனையையும் சுமந்துகொண்டு, நேர்ப்பாதை வந்ததும் துரையை எட்டிப் பிடித்தது. “தாண்டுங்க! தாண்டுங்கய்யா!” என்று வேலிமேல் ஏறி நின்று அய்யாவு கத்தினான்.

சபாபதி துரையைப் பார்த்தார். உடனே பிரேக்கை மிதித்தார். ஒரு கையால் தொப்பியைக் கழற்றி, “குட் ஆப்டர்நூன் சார்!” என்றார்.

இரண்டாம் சுற்றிலும் கார் எட்டிப் பிடித்தது; இரண்டாம் குட் ஆப்டர்நூன். மூன்றிலும் நான்கிலும் அப்படியே. இருபத்திரண்டு வருடம் துரையின் கதவருகே ஒதுங்கி நின்று வழிவிட்ட கால், காருக்குள் போனால் மட்டும் மறந்துவிடுமா?

கடைசிச் சுற்றில், கோட்டுக்கு நூறு கெஜம் இருக்கையில், பச்சைக் கார் பெருமூச்சு விட்டு நின்றது. வழி முழுவதும் திறந்து கிடந்தது. ஜனங்கள் “போ! போ!” என்று அலறினார்கள். அய்யாவு கண்ணை மூடிக் கும்பிட்டான்.

சபாபதியும் நிறுத்தினார்.

பிறகு, பணிவோடு காரை நகர்த்தி, அதன் மூக்கைத் துரையின் காருக்குப் பின்னால் பொருத்தினார். அய்யாவு நாலு மாதம் கூட்டிய சக்தி முழுவதையும் செலுத்தி, துரையைத் தள்ளிக்கொண்டுபோய்க் கோட்டைத் தாண்ட வைத்தார். துரை முதலிடம். சங்கம், ஒரு மூக்கு வித்தியாசத்தில், மகத்தான இரண்டாமிடம்!

தலைவருக்கு வாங்கிய மாலையைத் துரைக்குப் போட்டார்கள். துரை சபாபதியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூன்று நாளைக்கு அந்தக் கையை நனைப்பதில்லை என்று சபாபதி அங்கேயே விரதம் பூண்டார். திரும்பும்போது, ஒருவழியாக மறுபடி உயிர்பெற்ற தம் காரிலேயே வரும்படி துரை அழைத்தார். வழியில் நின்றால் தள்ள ஆள் வேண்டுமே என்றுதான் அழைத்தார் என்று சில பொறாமைக்காரர்கள் சொன்னார்கள்.

“நீ நம்ம காரை எடுத்துட்டு வா. துரைக்கு இருபது கெஜம் பின்னாடியே வரணும்” என்று சபாபதி உத்தரவிட்டார்.

அய்யாவு ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்தான். பக்கத்தில், பந்தயம் பார்க்க வந்திருந்த புஷ்பவல்லி. கோலாலம்பூர் ரோட்டில் பச்சைக் கார் இருமிக்கொண்டே முன்னால் போனது. இவர்கள் கார் பின்னால் உறுமியது.

“ஏங்க, முன்னாடி போறது துரை காருங்க.”

“தெரியுது.”

“உள்ள நம்ம தலைவரு.”

“அதுவும் தெரியுது.”

“அப்புறம் ஏன் மெதுவாப் போறீங்க?”

அய்யாவு மிதித்தான். பச்சைக் கார் ஜன்னலில் சபாபதியின் வாய் பிளந்து தெரிந்தது, அப்புறம் சின்னதாகத் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. புஷ்பவல்லியின் கொண்டை அவிழ்ந்து காற்றில் பறந்தது. அவள் போட்ட கூச்சலில் ரோட்டோரத்து எருமைகள் எழுந்து நின்றன. பிரிக்பீல்ட்ஸ் வந்து, இருவரும் ஆளுக்கு இரண்டு கிளாஸ் கோப்பி குடித்து முடித்த பிறகுதான் துரையின் கார் வந்து சேர்ந்தது.

மறுநாளே அவசரக் கூட்டம். பதினொருவரும் வந்திருந்தார்கள். துரையின் வெற்றிக்குப் பாராட்டுத் தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியதும், காரியதரிசி பழனியப்பன் எழுந்து கனத்த குரலில் வாசித்தார்:

“சங்கத்தின் காரை, செயற்குழுவின் முன் அனுமதியின்றி, முதலிடத்துக்குக் கொண்டுவந்த குற்றம்.”

“ஒப்புக்கொள்றியா அய்யாவு?” என்றார் சபாபதி, நனையாத கையை உயர்த்தி.

“ஒப்புக்கிறேனுங்க. இந்தச் சங்கத்துல நீங்க யாரும் செய்யாத குத்தம் அது ஒண்ணுதானுங்களே.”