நீலத் தண்ணீரில் வடிந்த ஆண்மை

வடக்கே பனி நாட்டில், எங்கள் ஊமெயோ நகரத்து அப்பாக்கள் எல்லாரும் அந்த மாதம் ஒரே வாசலில் நின்றார்கள். வெளியே பனியில் குழந்தைத் தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன, அவற்றுக்குள், எங்கள் ஊர் வழக்கப்படி, பிள்ளைகள் கம்பளிக்குள் நிம்மதியாகத் தூங்கின. உள்ளே அப்பாக்கள் எண்சீட்டு வாங்கிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், துப்புவதற்குக் காத்திருந்தார்கள்.

ஆமாம், துப்பத்தான். ரக்ன்வால்ட் என்ற மகான் எச்சிலை நீலத் தண்ணீரில் விடுவார். காபி ஆறுவதற்குள் நீலம் மறைந்துவிடும். “பாத்தீங்களா? குழந்தையத் தூக்கித் தூக்கி உங்க ஆண்மை வடிஞ்சுபோச்சு” என்பார். தனக்குப் பிள்ளையே இல்லை, அதனால் ஆண்மை முழுசாக இருக்கிறது என்றும் சொல்லிக்கொள்வார். எலும்பும் விபூதியும் வைத்திருந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் சிரித்திருப்பார்கள். இவர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். அதனால் கும்பிடாத குறை.

மருந்து, எல்க் மானின் கொம்புத் தூள். பத்தியம், பிள்ளையை மார்போடு அணைக்கக் கூடாது. இதுவரை ஒருவர் எச்சிலுக்குக்கூட நீலம் மறையாமல் இருந்ததில்லை. அது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. வரிசையில் நின்று கேள்வி கேட்பது எங்களிடம் நாகரிகமில்லை.

அந்த வரிசையில் நின்ற யோவர் என்பவன் பத்தியத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தான். பிள்ளை பிறந்ததிலிருந்தே அவனுக்குத் தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை வந்தது. ரக்ன்வால்ட் காரணம் சொன்னதும் பிடித்துக்கொண்டான். சம்பளத்தோடு விடுப்பு எடுத்துப் பிள்ளை வளர்க்க வீட்டில் இருந்தவன், மகள் தூவா அழுதால் கம்பளிக் கையுறை மாட்டிக்கொண்டு தொட்டிலை ஆட்டினான். பிள்ளை அழுது அழுது ஓய்ந்தது. பிறகு அவனைப் பார்த்துக் கை நீட்டுவதையே விட்டுவிட்டது. அதைப் பார்த்த மனைவி இல்வாவுக்குப் பொறுக்கவில்லை.

“நாளைக்கு நானும் வரேன்டா” என்றாள்.

மறுநாள் யோவர் கொடுத்த கண்ணாடிக் குவளையில் இருந்தது இல்வாவின் எச்சில். நீலம் மறைந்தது. ரக்ன்வால்ட் பெருமூச்சு விட்டார். “பத்தியத்த மீறிட்டீங்க. மிச்சம் இருந்த ஆண்மையும் போச்சு.”

“அது என் எச்சிலுங்க” என்றாள் இல்வா. “எனக்கு எப்ப வந்து, எப்பப் போச்சு?”

மகான் அசரவில்லை. “ஒரே வீட்டுல இருக்கீங்கல்லம்மா. அவரோடது உங்களுக்குள்ள இறங்கி, அங்கேருந்து வடியுது.”

“சரி. உங்களுக்குப் பிள்ளையே இல்ல, முழு ஆண்மைன்னு சொன்னீங்களே. நீங்க துப்புங்க.”

“எனக்கு நேரமில்லம்மா. வரிசை நிக்குதே.”

யாரும் கூச்சல் போடவில்லை. அடுத்ததாக நின்ற தாடிக்காரர் மட்டும் தன் எண்சீட்டை மகானிடம் மரியாதையாக நீட்டினார். “அடுத்தது என் முறைதான். நீங்க எடுத்துக்குங்க.”

எங்கள் ஊரில் எண்சீட்டை மறுத்துத் தப்பித்தவர் கிடையாது. ரக்ன்வால்ட் துப்பினார். நீலம் மறைந்தது.

“கஞ்சித் தண்ணியில அயோடின் விட்டா நீலம்” என்றாள் இல்வா. “எச்சில் கஞ்சியக் கரைச்சிடும். யாரோட எச்சிலா இருந்தாலும். பள்ளிக்கூடத்துல நாம எல்லாருமே செஞ்சதுதானே.”

எல்லாரும் படித்தவர்கள்தான். தலையைக் குனிந்துகொண்டார்கள்.

யோவர் அவள் பக்கம் திரும்பினான். “அப்ப எனக்கு வர்ற அழுக? அதுவும் பொய்யா?”

“அது நெசம்டா. அப்பா ஆனா ஹார்மோன் கொஞ்சம் எறங்குமாம், நர்ஸ் சொன்னாங்க. அது நோய் இல்ல, புள்ளயோட ஒட்டிக்கறதுக்கு ஒடம்பு செய்யற ஏற்பாடாம். ஆனா இந்த அழுகைக்கு டாக்டரப் பாக்கணும். நாளைக்கே போவோம்.”

அவன் வெளியே ஓடினான். தூவாவை வண்டியிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான். முதலில் அவள் முறைத்தாள். பிறகு அவன் காதைப் பிடித்து இழுத்தாள். அவன் வாய்விட்டு அழுதான், வெட்கப்படவில்லை.

உள்ளே சிலர் மீதிக் கொம்புத் தூளைப் பாதி விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். அப்பாமாரே, பெற்ற பிள்ளையைத் தூக்காதே என்று எவனாவது சொன்னால், அவன் கோட்டைப் பார்க்காதீர்கள். முதலில் அவனைத் துப்பச் சொல்லுங்கள்.