பல் மருத்துவர் கதவும் மாப்பிள்ளை தந்த கருவியும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

மரக்கடையிலிருந்து உங்கள் மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே மகளும் பேத்தியும் நீங்களும் நலமென்று நம்புகிறேன். மற்றபடி இங்கே எதுவும் நலமில்லை.

உங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த கருவியை ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பலகைமேல் அடித்து, திரும்பி வருவதை அளந்து, என்ன மரம், எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடும் என்றீர்கள். சொல்லத்தான் சொல்கிறது. தினமும் முதலில் கருவியை அதோடு வந்த வெள்ளை வில்லைமேல் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்றீர்கள். ஒருநாள்கூடத் தவறவில்லை, காலையில் தேநீர் குடித்ததும் எனக்கு முதல் வேலையே அதுதான். போன மாதம் பல் மருத்துவர் தன் அறைக்குக் கதவு கேட்டார். நம் தச்சர் பலகையைத் தடவிப் பார்த்து, “ஈரம் இருக்கு முதலாளி, இன்னும் ரெண்டு மாசம் காயட்டும்” என்றார். கருவியை வைத்தேன், ஈரம் வெறும் எட்டு சதவீதம் என்றது. “நீங்க கையால சொல்றீங்க, இது ஒளியால சொல்லுது, செய்யுங்க” என்றேன். முறைத்தார், செய்தார். மூன்றே வாரத்தில் கதவு காய்ந்து, சுருங்கி, முறுக்கிக்கொண்டது. தாழ்ப்பாள் எட்டவில்லை. சரியாகப் பல் பிடுங்கும் நேரத்தில் அது தானாகத் திறந்துகொள்ள, வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் உள்ளே நடப்பதைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக நழுவியிருக்கிறார்கள். “எனக்கு வலியே போயிடுச்சு” என்று சொல்லிவிட்டுப் போனாராம் ஒருவர். மருத்துவர் கடைக்கே வந்து கத்தினார். நான் தச்சரைக் கைகாட்டினேன். அவர் வாக்குவாதம் செய்யவில்லை. “இனிமே அந்த மெஷினையே இழைக்கச் சொல்லுங்க” என்று, உளிப்பெட்டியைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டார்.

இன்றோடு ஒன்பது நாள். இருபது வருடம் கூடவே இருந்த மனிதர். பட்டறையில் இழைப்புச் சத்தம் இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாம் உங்கள் பொய் சொல்லும் கருவியால் வந்த வினை.

மகளுக்கு என் ஆசி. பேத்திக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். உங்களுக்கும் ஆசி உண்டு. கருவியை எடுத்துப் போனபின் முழுதாகக் கிடைக்கும்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் தச்சர் உளிப்பெட்டியை எடுக்க வந்தார். தேநீர் கொடுத்தேன். என் டம்ளருக்கு அடியிலிருந்ததைத் தூக்கிப் பார்த்து, “இது மெஷினோட வந்த வில்லையாச்சே, ஏன் நனைஞ்சு கிடக்கு?” என்றார். மேசையில் கறை படியக்கூடாதென்று முதல் நாளிலிருந்து அதன்மேல்தான் டம்ளரை வைக்கிறேன். ஈர வில்லையையே காய்ந்ததென்று நம்பிய கருவிக்கு, ஈரப் பலகையும் காய்ந்ததாகத் தெரிந்திருக்கிறது. வில்லையைத் துடைத்துக் காயவைத்து, கருவியை மறுபடி சரிபார்த்து அளந்தோம். அதே அடுக்கில் மிச்சமிருந்த பலகை இருபத்தாறு சதவீதம் என்றது. மன்னிப்புக் கேட்டேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். இப்போது கருவியைத்தான் கீழே வைக்க மாட்டேன் என்கிறார். கண்ணில் பட்டதையெல்லாம் அளந்து, கடைசியில் உங்கள் கல்யாணத்துக்கு நான் கொடுத்த தேக்குக் கட்டிலின் மிச்சத் துண்டையும் அளந்தார். “அன்னைக்கே தேக்கு இல்லன்னு சொன்னேன், கேட்டீங்களா?” என்றார்.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம். கருவி இங்கேயே இருக்கட்டும். கட்டில் இதுவரை நன்றாகத்தானே இருக்கிறது?